பெரட்டில் என் பேருக்கு நீ சொன்ன பதில்

என் ஞானம், என் தங்கமே,

அன்பாக அழைப்பது இந்த ஒரு வரியோடு சரி. இதற்குக் கீழே நான் உன்னோடு சண்டை போடப் போகிறேன். நீ இருந்தபோது நான் சத்தம் போட்டால் அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இப்போது அது நடக்காது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முப்பது வருஷமாக இந்தத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடு அத்தனைக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். யாருக்காக எழுதினாலும் நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்குவேன். உனக்கு அப்படித் தொடங்கக் கை வரவில்லை. உன் நலத்தைக் கேட்க வேண்டிய நாளில் கேட்காதவன், நீ மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆன பிறகு கேட்டால் அது என்ன நியாயம்?

முதலில் சேதி. ஜப்பான்காரன் போய்விட்டான். இந்தத் தடவை புரளி இல்லை, நிஜமாகவே போய்விட்டான். பங்களாவுக்குப் புதுத் துரை வந்திருக்கிறார். ரிங்லெட்டில் காதர் பாய் கடையில் மறுபடியும் உப்பும் மண்ணெண்ணெயும் கண்ணில் படுகின்றன. அரிசி இன்னும் தட்டுப்பாடுதான், ஆனால் வந்துவிடும் என்கிறார்கள். நீ இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தால் இதையெல்லாம் பார்த்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொறுத்தவள், இதற்கு மட்டும் ஏன் பொறுக்காமல் போனாய்?

போன வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். யுத்தம் வந்து பழைய டாக்டர் போனபிறகு நம் டிரசர் ஆரோக்கியம் தனியாளாக வெட்டி, தைத்து, கட்டுப்போட்டுக் காப்பாற்றியவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். என் முறை வந்தது. வேட்டியைச் சுருட்டச் சொல்லி, தழும்பை விரலால் அழுத்தி, தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வைத்தார். பிறகு டிரசர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"எப்பலேர்ந்து நடக்கிறீங்கன்னு கேக்குறாரு," என்றார் டிரசர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற கங்காணி முத்துவேலு முந்திக்கொண்டான். "அவரு சம்சாரம் செத்த அன்னிக்கிங்க. எட்டு மாசமா படுத்துக் கெடந்த ஆளு, அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுதுன்னதும் எந்திரிச்சு ஓடுனாரு. லயமே பாத்துச்சுங்க."

டிரசர் அதை இங்கிலீசில் சொன்னார். டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன், ஞானம். இல்லை என்று சொல்லவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த ஒரு வருஷமாக இதே கதைதான். கோயிலில் உபதேசியார் பிரசங்கத்தில் என்னைச் சொல்கிறார், அன்பு முடவனையும் நடக்க வைக்கும் என்று. பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை சீக்கிரம் நடக்கட்டும் என்று அதைத் தூக்கி வந்து என் காலைத் தொட வைக்கிறாள். கோலா தெர்லாவில் நம் மகள் ரோசலின் அவள் பிள்ளைகளுக்கு இதைக் கதையாகவே சொல்கிறாளாம், "பாட்டி போகும்போது தன் காலைத் தாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போனாங்க" என்று. இங்கே வரும்போது என் முன்னாலும் அதைச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து அவள் சிரிக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பொய். அத்தனையும் பொய். நீ சாவதற்குப் பத்து வாரத்துக்கு முன்பே நான் நடந்தேன்.

அதை நாளை எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் கேட்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்த மூன்றாம் வருஷம், கீழ்மலைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொல்லி உத்தரவு வந்தது. நான் கவ்வாத்துக்காரன். சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டால்தான் அது மரமாகாமல் மறுபடி கொழுந்து விடும். அந்த வெட்டுக்குப் பேர் கவ்வாத்து. முப்பது வருஷம் அந்தக் கத்தியைத்தான் பிடித்தேன். செடி பிழைப்பதற்காக வெட்டியவன் கையில் கடப்பாரையைக் கொடுத்து வேரோடு பிடுங்கச் சொன்னார்கள்.

தேயிலை வேர் லேசில் விடுமா? நெம்பிக்கொண்டே இருந்தோம். விட்டபோது மொத்தமாக விட்டது. அடிக்கட்டை என் மேல் சரிந்தது, நான் சரிவில் உருண்டேன், இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அந்த வயதில் எலும்பு முறிந்தவன் எழுந்திருக்க மாட்டான் என்று லயத்தில் அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படியாகத்தான் பேசினார்கள்.

தாப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்டதற்கு ஜப்பான்காரன் தரவில்லை. டிரசரே காலை இழுத்து நேராக்கி, தேயிலைப் பெட்டிப் பலகையை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார். மூன்றாம் வாரம் புண் நாற ஆரம்பித்தது. டிரசர் மோந்து பார்த்துவிட்டு உன்னை வெளியே கூப்பிட்டார். சுவர் பலகைச் சுவர் என்பதை மறந்துவிட்டார்.

"உள்ள எலும்புத் துண்டு ஒண்ணு செத்துக் கெடக்கும்மா. அத எடுத்தே ஆகணும். விட்டா காலையே எடுக்கற மாதிரி ஆயிடும். மயக்க மருந்து அடிப் போத்தல்லதான் இருக்கு. பாதி வேலைக்குத்தான் வரும்."

"மிச்சப் பாதிக்கு நா இருக்கேன் சார்," என்றாய் நீ.

உன் கொழுந்துக் கூடையின் தலைப்பட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, என் வாயில் வைத்தாய். மருந்து தீர்ந்த பிறகு அதைத்தான் கடித்தேன். நீ என் தோளின் மேல் படுத்து அழுத்திக்கொண்டு, "இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தாய். மறுநாள் அதே பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாய். என் பல் பதிந்த இடம் உன் புருவத்துக்கு மேலே இருந்தது. வேறு பட்டை பின்னிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "இதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு" என்றாய்.

பிறகு எத்தனை மாதம்! காதர் பாய் கொடுத்த பழைய சாரோங்கைக் கிழித்துக் கட்டுத்துணி. உப்புக்குத்தான் பஞ்சம், தேயிலைத் தூளுக்கு இல்லையே. டிரசர் சொன்னபடி கறுப்பாகச் சாயம் காய்ச்சி, ஆறவைத்து, தினமும் இரண்டு வேளை புண்ணைக் கழுவினாய். நான் என்ன செய்தேன்? சுடுகிறது என்று கத்தினேன். ஆறிப்போய்விட்டது என்றும் கத்தினேன். மரவள்ளிக்கிழங்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். படுத்துக் கிடக்கிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று நினைத்தேன்.

இனி பெரட்டுக்கு வருகிறேன். விடியற்காலையில் கங்காணி களத்தில் நின்று பேர் கூப்பிடுவது, ஆள் இருந்தால் குரல் கொடுப்பது, அதுதானே பெரட்டு. ஜப்பான்காரன் காலத்தில் பெரட்டில் பேர் இருந்தால் ரேஷன் முழுப் படி, இல்லாவிட்டால் அரைப் படி. படுத்தவனுக்கு எப்போதும் அரைப் படி. அதையும் எப்போது நிறுத்துவார்களோ தெரியாது. நீ முத்துவேலுவிடம் போய்ப் பேசினாய். என்ன பேசினாய் என்று எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் களத்துச் சத்தம் காதில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

"ஞானம்மா!"

"இருக்கேங்க."

"சின்னப்பன்!"

"இருக்கேங்க."

இரண்டுக்கும் உன் குரல். முதல் நாள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் நீ இரண்டு பேர் வேலையையும் செய்தாய். காலையில் மரவள்ளிக் காட்டில் கொத்துவேலை. மத்தியானம் பேக்டரிக்கு விறகுக் கட்டு. முத்துவேலு ஒரு கட்டுக்கூடக் குறைத்து வாங்கவில்லை. அந்த முத்துவேலுதான் இப்போது டாக்டரிடம் உன்னைப் பற்றி உருகுகிறான். நாளை அவன் முகத்தைப் பார்த்தே இந்த வரியைப் படிப்பேன்.

ஐந்தாம் மாதம் டிரசர் பலகையை அவிழ்த்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, காலை ஊன்றலாம் என்றார். "ஊனுங்க அண்ணே. வயசான எலும்பு, ஊன ஊனத்தான் கெட்டியாகும். படுத்தே இருந்தா உடம்பு மொத்தமும் போயிடும்." கொய்யாக் கிளையில் கம்பு வெட்டிக் கொடுத்தார். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். குழாயடி வரைக்கும் போனேன். பாசியில் கம்பு வழுக்கி விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை, முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். ஆனால் விழுந்துகொண்டிருந்த அந்த ஒரு கணத்தில், கீழ்மலையில் உருண்டது மொத்தமும் மறுபடி எனக்குள் நடந்துவிட்டது. எலும்பு முறிகிற சத்தம்கூடக் கேட்டது.

அன்றிலிருந்து முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். வலிக்கிறது என்றேன். எலும்பு இன்னும் சேரவில்லை என்றேன். டிரசருக்கே மருத்துவம் சொன்னேன்.

பிறகு ஒருநாள், எல்லாரும் மலைக்குப் போய் லயம் காலியான பிறகு, யாரும் பார்க்காதபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். நின்றேன். நடந்து பார்த்தேன். நடந்தேன். மறுநாள் சுவரை விட்டேன். ஒரு வாரத்தில் லயத்துக் கோடி வரைக்கும் போய்வந்தேன். கோடியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற சடக்கு ரோட்டுக்கு இறங்குகிற சரிவு இருக்கிறதே, அங்கே போனதும் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடும். திரும்பிவிடுவேன். சாயங்காலம் நீ வரும் நேரத்தில் பாயில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கம்பைக்கூட எட்டாத தூரத்தில் சாய்த்து வைத்திருப்பேன். அவ்வளவு தந்திரம்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போவான், அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம். யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதற்குள் சயாம் லாரி நம் மலைக்கு வருவது நின்று பல மாதம் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும். எனக்குச் சயாம் பயம் இல்லை. விழுந்துவிடுவேன் என்கிற பயம். மறுபடி முறியும், மறுபடி நாறும், மறுபடி வாயில் பட்டையைத் திணிப்பார்கள் என்கிற பயம். ஆனானப்பட்ட ஆண்பிள்ளை, மலைச்சரிவிலேயே முப்பது வருஷம் நின்றவன், சரிவைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு நீ விறகு சுமந்தாய்.

நடக்க ஆரம்பித்த மூன்றாம் வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். லயத்துக்குப் பின்னால் ஒற்றைத் தேயிலைச் செடி ஒன்று, யாரும் கவனிக்காமல் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். தாறுமாறாக வளர்ந்த செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா போக எந்தக் கவ்வாத்துக்காரனால் முடியும்? ஒருநாள் கூரையில் செருகியிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு கிளையும் ஒரே வெட்டு, உள்பக்கம் சாய்ந்த வெட்டு, பிசிறு இல்லாமல். வெட்டி முடித்து நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது. என் வெட்டை இந்தத் தோட்டத்தில் யார் பார்த்தாலும் சின்னப்பன் கை என்று சொல்லிவிடுவார்களே! பயந்துபோய் உள்ளே ஓடிவந்துவிட்டேன். பின்பக்கம் போவதையே நிறுத்தினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் உன் கால் வீங்கியது. நீ பாயில் உட்கார்ந்து உன் கணுக்காலை விரலால் அழுத்தினாய். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. நான் பார்த்தேன். நீ சேலையை இழுத்து மூடினாய். "பாத்தீங்களா, ஒரு வழியா நானும் குண்டாயிட்டேன்" என்று சிரித்தாய். என்னுடைய முழுப் படியில் பாதியை உன் தட்டில் நீ போட்டுக்கொண்டதே இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அடுத்த வாரம் எழுந்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். என் காலை டிரசர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார், உன் காலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த விடியற்காலை வந்தது. பெரட்டுக்கு மணி அடித்துவிட்டது. நீ எழுந்து உட்கார்ந்தாய், மூச்சு வாங்கியது, மறுபடி சாய்ந்துவிட்டாய். களத்தில் உன் பேரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. என் பேரைக் கூப்பிட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. உன் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

நான் எழுந்தேன். கம்பை எடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "பாத்துப் போங்க. வழுக்கும்."

பக்கத்து வீட்டுப் பாக்கியம் வாசலில் கும்பாவோடு நின்றாள். களத்திலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். ஓடினேன். கோடிச் சரிவில் இறங்கினேன். ஞானம், அந்தச் சரிவு ஒன்றுமே இல்லை! நாற்பது தப்படி இருக்குமோ என்னவோ. அதற்கு முன்னால்தான் பத்து வாரம் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். டிரசரைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தேன். உனக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. மத்தியானம் அதுவும் நின்றுவிட்டது.

உன்னைப் புதைத்த மூன்றாம் நாள்தான் அந்த வார்த்தை உறைத்தது. எட்டு மாதம் எழுந்திருக்காத புருஷன் திடீரென்று எழுந்து ஓடுகிறான். எந்தப் பெண்சாதியும் ஐயோ, எப்படி எழுந்தீர்கள் என்றல்லவா கேட்பாள்? நீ ஆச்சரியப்படவே இல்லை. வழுக்கும் என்று மட்டும் சொன்னாய்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நான் வெட்டி மொட்டையாக விட்டுவந்த செடியின் மேல் மிலாறு பரப்பியிருந்தது. வெட்டிப் போட்ட குச்சிகளைத்தான் மிலாறு என்போம், கேட்பவர்களுக்குத் தெரியாதா என்ன. வெட்டுவாயில் வெயில் பட்டுக் காயாமல் இருக்க, கவ்வாத்துக்காரன் பின்னாலேயே வந்து அதைச் செடியின் மேல் பரப்புவது பெண்கள் வேலை. என் பின்னால் முப்பது வருஷம் அதைச் செய்தவள் நீ. தடித்த குச்சியை அடியில் குறுக்கே போட்டு, இலையுள்ளதை மேலே கவிழ்த்துப் போடுவது உன் பழக்கம். அப்படியேதான் போட்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். அடியில் சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது.

அன்றைக்கே தெரிந்துவிட்டது, உனக்கு எல்லாம் தெரியும் என்று. தெரிந்தும் ஏழு வாரம் பெரட்டில் என் பேருக்குப் பதில் சொன்னாய். தெரிந்தும் என் முன்னால் உட்கார்ந்து, எட்டாத தூரத்தில் நான் வைத்த கம்பை எடுத்து எட்டுகிற தூரத்தில் வைத்தாய். ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? "எந்திரிடா, வெக்கங்கெட்டவனே" என்று ஒரு வார்த்தை? கத்தியிருக்கலாமே! சட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாமே! எந்தக் கோயிலில் கற்றுக்கொண்டாய் இந்தப் பொறுமையை? உன் பொறுமைக்கு யார் அழுதது?

ஒரு வருஷம் இதை விழுங்கிக்கொண்டு இருந்தேன். டாக்டர் கையைக் குலுக்கிய அன்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் பாக்கியத்திடம் போனேன். "நான் நடந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா? சொல்லு" என்று கத்தினேன்.

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே. அந்தச் செடிய மூட நாந்தான் கூடமாட நின்னேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் வாங்கிட்டா."

"நீயாவது கேக்கக் கூடாதா அவள?"

"கேக்காம இருப்பேனா? 'ஏண்டி, நல்லாருக்கற ஆளக் குந்த வச்சிட்டு நீ சாவுறியே, கிறுக்கா ஒனக்கு'ன்னேன். அதுக்கு அவ, 'கையி நடுங்காம வெட்டியிருக்காரு பாரு பாக்கியம். காலு நடுக்கமும் தன்னால போயிரும். இப்ப நாம வாயக் குடுத்தா ரோசப்பட்டுச் சரிவுல எறங்குவாரு. எறங்குனா விழுவாரு. இன்னொரு தடவ அவரு வாயில அந்தப் பட்டையத் திணிக்க என்னால ஆகாது'ன்னா. நா என்னண்ணே பண்ண?"

ஆகாதாம்! விறகுக் கட்டு ஆகும், கொத்துவேலை ஆகும், அரை வயிறு ஆகும், இது மட்டும் ஆகாதாம். ஞானம், நான் விழுந்திருந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன். கால் போனால் போகட்டும். ஒற்றைக் காலோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டு இருந்திருப்பேனே. அதை யோசித்தாயா? எனக்காக எல்லாம் யோசித்தவள், நீ இல்லாமல் இரண்டு காலோடு நான் எங்கே போவேன் என்று ஏன் யோசிக்கவில்லை?

எழுதிக்கொண்டே வரும்போது தெரிகிறது, உன்னைத் திட்டத் தொடங்கிய கடிதத்தில் பாதிக்கு மேல் என்னையே திட்டியிருக்கிறேன். பரவாயில்லை. இரண்டும் இருக்கட்டும். உன் மேல் கோபம் தீரவில்லை. என் மேல் இருப்பது தீரவே தீராது.

நாளை உன் வருஷம். சாயங்காலம் கோயிலில் உபதேசியார் ஜெபம் வைத்திருக்கிறார், மறுபடியும் அந்த முடவன் கதையைச் சொல்லுவார். ரோசலின் பிள்ளைகளோடு இன்றைக்கே வந்துவிட்டாள். உள்ளே அடுப்படியில் உன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பல்லுத் தடம் என்னப்பா?" என்று இப்போதுதான் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளோ, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோலா தெர்லாவுக்கு நடையைக் கட்டுவாளோ, தெரியாது. அதற்காகத்தான் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். விழுந்துவிடுவேன் என்கிற அதே பயம்தான், வேறு இடத்தில்.

கோயில் வரைக்கும் நான் காத்திருக்கப் போவதில்லை. நீ எனக்காகக் குரல் கொடுத்தது கோயிலில் இல்லை, களத்தில். நாளைக் காலை பெரட்டுக்கு ரோசலினையும் கூட்டிக்கொண்டு போவேன். முத்துவேலு என் பேரைக் கூப்பிடுவான். "இருக்கேங்க" என்று என் குரலில் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து படிப்பேன். யார் காறித் துப்பினாலும் நடுவில் நிறுத்த மாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

இன்னொன்றும் உண்டு. பின்பக்கத்துச் செடி இப்போது என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. இன்னும் சில வருஷத்தில் அதற்கு மறுபடி கவ்வாத்து வரும். உயிரோடு இருந்தால் நானே வெட்டி, தடித்த குச்சியைக் குறுக்கே போட்டு, இலையைக் கவிழ்த்து, மிலாறையும் நானே பரப்புவேன். ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

சாயங்காலத்திலிருந்து மழை பெய்கிறது, விடியும்போது களத்துக்கு ஏறுகிற வழி சேறாகக் கிடக்கும். வழுக்கும் என்று தெரியும், ஞானம். பார்த்துத்தான் போவேன். போகாமல் மட்டும் இருக்க மாட்டேன்.

மாதக்கணக்கில் நீ பதில் சொன்ன பேருக்குச் சொந்தக்காரன்,
உன் வீட்டுக்காரன்
சின்னப்பன்